1898 ஸ்பெயின்-அமெரிக்கப் போர்: நாலு மாதப் போர் என்கிறோமே, அது எப்போது தொடங்கி எப்போது முடிந்தது?

#1 வைகைக்கரை

நண்பர்களே, மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்பெயின்-அமெரிக்கப் போரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். முதல் வரியே "1898 ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த இந்தக் குறுகிய போர்" என்று இருந்தது. அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம், பேச்சு தீரவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

என் கட்சி இதுதான். நாலு மாதம் என்பது வாஷிங்டன் காலண்டர் கணக்கு. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாக்காரர்களுக்கு அந்தப் போர் 1895 பிப்ரவரி 24 அன்றே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னால் 1868 முதல் 1878 வரை பத்து வருடம் ஒரு போர் நடந்து ஓய்ந்திருந்தது. ஹோசே மார்த்தி குண்டடி பட்டு இறந்தது 1895 மே மாதம், அந்தோனியோ மசேயோ இறந்தது 1896 டிசம்பரில். அமெரிக்கா வருவதற்கு முன்பே அவர்கள் தங்கள் தலைவர்களில் பாதிப்பேரைப் புதைத்துவிட்டார்கள். ஸ்பெயின் ஆண்ட இன்னொரு இடமான பிலிப்பைன்ஸ் பக்கம் போனால் ஆகஸ்டில் எதுவும் முடியவில்லை, பெரிய போரே 1899 பிப்ரவரியில்தான் வந்தது. முன்னாலும் பின்னாலும் நறுக்கிவிட்டு நடுத்துண்டைக் காட்டி, பார் எவ்வளவு சின்னது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஹே 1898 ஜூலையில், பின்னாளில் அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் "அருமையான சின்னப் போர்" என்று எழுதினார். அந்தச் சொல் இன்றுவரை பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, காரணம். பத்திரிகைகள்தான் போரை மூட்டிவிட்டன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். "படத்தை நீ அனுப்பு, போரை நான் தருகிறேன்" என்று பத்திரிகை முதலாளி ஹியர்ஸ்ட் தந்தி கொடுத்ததாக ஒரு கதை. அந்தத் தந்தியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. போர் நடந்து மூன்று வருடம் கழித்து 1901ல் ஒரு நிருபர் எழுதியதில்தான் முதன்முதலாக வருகிறது, ஹியர்ஸ்ட்டே மறுத்திருக்கிறார். எனக்கு என்னவோ கரும்புத் தோட்டத்திலிருந்து தொடங்கினால்தான் விஷயம் பிடிபடும் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 தென்றல்75

தந்தி கதை பொய் என்பது சரி. அதற்காகப் பத்திரிகைகளை அப்படியே விட்டுவிட முடியாது அண்ணா. 1898 பிப்ரவரியில் நடந்த இரண்டைப் பாருங்கள். வாஷிங்டனில் இருந்த ஸ்பெயின் தூதர் தெ லோமே தன் நண்பருக்கு எழுதிய சொந்தக் கடிதம் திருடுபோய், 9ஆம் தேதி ஹியர்ஸ்ட்டின் நியூயார்க் ஜர்னலில் அச்சாகிறது. அதிபர் மெக்கின்லி பலவீனமானவர், கூட்டத்தின் கைதட்டலுக்கு ஏங்குபவர் என்று அதில் எழுதியிருந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, 15ஆம் தேதி இரவு கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மெயின் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் சாகிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்தால் 50,000 டாலர் பரிசு என்று ஜர்னல் முதல் பக்கத்தில் போடுகிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே பரிசு அறிவித்தால் படிக்கிறவன் மனதில் என்ன பதியும்? யாரோ செய்தார்கள் என்றுதானே பதியும். போர் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் அவகாசத்தை மக்களிடமிருந்து பறித்தது பத்திரிகைதான், அந்தப் பழியை நான் இறக்கிவைக்க மாட்டேன்.

#3 வைகைக்கரை

ஒப்புக்கொள்கிறேன், அவகாசத்தைப் பறித்தது உண்மை. ஆனால் நெருப்பு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

1890ல் அமெரிக்கா கச்சாச் சர்க்கரைக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கியூபா முழுவதும் கரும்பு பரவியது. அமெரிக்கா கியூபா வணிகம் 1893ல் 10 கோடி டாலரைத் தாண்டியது, அமெரிக்க முதலீடு மட்டும் 3 முதல் 5 கோடி டாலர் என்று அதிபர் கிளீவ்லாந்தே நாடாளுமன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் சொல்கிறார். 1894ல் ஒரு சட்டம் போட்டு அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விலை விழுந்தது, ஆலைகள் ஆளைக் குறைத்தன, வேலையில்லாமல் கிராமத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தே 1886ல்தான், அந்த விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் பெருவாரியாகப் புரட்சிப் படையில் சேர்ந்தார்கள். வரி திரும்பி வந்த அடுத்த வருடமே போர் வெடித்ததில் என்ன ஆச்சரியம்?

புரட்சிப் படைத் தளபதி மாக்சிமோ கோமேஸ் கையாண்ட போர்முறையும் அந்தக் கரும்பைச் சுற்றித்தான். தோட்டத்தைக் கொளுத்து, ஆலையை நிறுத்து, ஸ்பெயினுக்கு இந்தத் தீவால் ஒரு காசு வருமானம் வரக்கூடாது. 1895ல் 10 லட்சம் டன்னைத் தொட்ட சர்க்கரை 1896ல் ஏறக்குறைய அதில் கால்வாசிக்கு இறங்கியது. இப்போது நியூயார்க்கில் பணம் போட்டவனுக்கு ஸ்பெயினும் பகை, புரட்சிக்காரனும் பகை. பெரிய வியாபாரிகளில் பலர் 1898 மார்ச் வரைக்கும் போரே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1893ல் வந்த பொருளாதார நெருக்கடியிலிருந்து அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள். அதனால் "முதலாளிகள் போரைக் கேட்டார்கள்" என்ற எளிய கதையும் பொருந்தாது. கலவரம் இப்படியே இழுத்துக்கொண்டே போவதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. யாராவது ஒருவர் முடித்துவைத்தால் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

#4 தூத்துக்குடி மாலுமி

வணக்கம். வரலாறு எனக்குத் தொழில் இல்லை, கப்பல் இன்ஜின் அறையில் 22 வருடம். மெயின் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

அந்தக் கப்பலில் நிலக்கரி அறை ஒன்றின் தகட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே வெடிமருந்து அறை. நடுவில் வேறு தடுப்பு இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிலக்கரி சும்மா கிடக்கும் சரக்கு இல்லை. பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏற்றி வரும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அறையிலும் குழாயை இறக்கி கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்த்து எழுதிவைப்போம். அது ஏறினால் உள்ளே எங்கேயோ தானாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, புகை இருக்காது. ஒருமுறை மூடியின் ஓரத்தில் கையை வைத்தபோது மற்ற மூடிகளைவிட இளஞ்சூடாக இருந்தது, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. காற்றுப் போகும் வழியை எல்லாம் அடைத்து, இரண்டு நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. எங்களுக்குக் கருவி இருந்தது. 1898ல் அது கிடையாது. அப்போது அமெரிக்கக் கடற்படை மெதுவாக எரியும் கெட்டி நிலக்கரியை விட்டுவிட்டு, வேகமாக எரியும் வகைக்கு மாறியிருந்தது. தானாகத் தீப்பிடிப்பது இந்த வகையில்தான் அதிகம்.

1898ல் அமெரிக்க விசாரணை வெளியே கண்ணிவெடி என்றது, யார் வைத்தது என்று சொல்லவில்லை. ஸ்பெயின் விசாரணை உள்ளே நடந்த வெடிப்பு என்றது. தண்ணீர் தூண் மாதிரி எழும்பியதை யாரும் பார்க்கவில்லை, துறைமுகத்தில் செத்த மீன் மிதக்கவில்லை என்று அவர்கள் எழுதிய காரணம் கடலில் வேலை பார்த்த எவனுக்கும் நியாயமாகப் படும். 1911ல் கப்பலைச் சுற்றி அணைகட்டித் தண்ணீரை இறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணிவெடி என்றார்கள். 1976ல் அட்மிரல் ரிக்கோவர் ஆய்வு நிலக்கரித் தீ என்றது. 1998ல் கணினி வைத்துப் பார்த்தவர்கள் இரண்டுக்கும் இடம் உண்டு என்று விட்டுவிட்டார்கள். நான் நிலக்கரி பக்கம்.

செத்தவர்களில் பெரும்பாலோர் முன்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த சாதாரண மாலுமிகள். அதிகாரிகளின் அறைகள் பின்பக்கம். கப்பல் தலைவர் சிக்ஸ்பி அப்போது தன் அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

#5 எழுத்தாணி

மாலுமி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நன்றி.

ஸ்பெயின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோற்போம் என்று தெரிந்தே ஏன் போருக்குப் போனார்கள்? தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும். கப்பல்படைத் தலைவர் செர்வேரா, போனால் அழிவோம் என்று அமைச்சருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அவரிடம் இருந்ததில் நல்ல கப்பலான கிறிஸ்டோபல் கோலோனுக்கு அதன் பெரிய பீரங்கிகளையே இன்னும் பொருத்தவில்லை. ஆனால் மாட்ரிட்டில் ராணி மரியா கிறிஸ்தினா, பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத மகனுக்காக ஆட்சியைக் கையில் வைத்திருந்தார். கியூபாவை விற்றாலோ சும்மா விட்டாலோ ராணுவம் கிளம்பிவிடும், அரியணை போய்விடும் என்ற பயம். மானத்தோடு தோற்றால் தீவு மட்டும் போகும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் கியூபாவுக்குப் போகவில்லை.

போனது யார்? 2,000 பெசெட்டா கட்டினால் கடல் கடந்த பட்டாளத்திலிருந்து விலக்கு உண்டு. கட்ட முடியாத விவசாயி மகனும் கூலிக்காரன் மகனும் கப்பல் ஏறினார்கள். 1895க்குப் பிறகு ஏறக்குறைய 2 லட்சம் பேரை அனுப்பினார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டுக்குச் சாகவில்லை, மஞ்சள் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் செத்தார்கள். 1898 ஜூலை 3 காலையில் கியூபாவின் சந்தியாகோ துறைமுகத்தின் குறுகலான வாயிலிலிருந்து செர்வேராவின் 6 கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. சில மணி நேரத்தில் ஆறும் போய்விட்டன. ஸ்பெயினுக்கு 300 பேருக்கு மேல், அமெரிக்காவுக்கு ஒரே ஒருவர்.

இன்றைக்கும் ஸ்பெயினில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டுப் புலம்பினால் "கியூபாவில் இதைவிட அதிகம் போனது" என்று சொல்லித் தேற்றுவார்கள்.

#6 தென்றல்75

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற போக்கில், அமெரிக்க மக்களிடம் இருந்த இரக்கமே பொய் என்று ஆகிவிடுமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்பெயின் தளபதி வெய்லர் 1896ல் கியூபாவுக்கு வந்து என்ன செய்தார்? எட்டு நாளுக்குள் கிராமத்தை விட்டு ராணுவக் காவல் உள்ள ஊருக்கு வந்துவிட வேண்டும், வராதவன் புரட்சிக்காரன். வந்தவர்களுக்கு வீடு இல்லை, சாப்பாடு இல்லை. புரட்சிப்படைக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக ஒரு நாட்டின் விவசாயிகளையே பட்டினி போட்டார்கள். குறைந்தது ஒரு லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட மிக அதிகம் என்பவர்களும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன் அங்கே போய்க் கஞ்சி ஊற்றினார். வெர்மாண்ட் செனட்டர் பிராக்டர் தானே நேரில் பார்த்துவிட்டு வந்து மார்ச் 17 அன்று செனட்டில் பேசினார். குரலை உயர்த்தாமல் பார்த்ததை மட்டும் சொன்னார். போர் வேண்டாம் என்றிருந்த வியாபாரிகள் பலரை மாற்றியது அந்தப் பேச்சு. அதைக் கேட்டுக் கண்கலங்கிய ஒரு சாதாரண மனிதனின் கோபம் உண்மையானது. இதையும் காரணங்களில் எழுதச் சொல்லுங்கள் அண்ணா.

#7 வைகைக்கரை

எழுதச் சொல்கிறேன் தம்பி, கட்டாயம். மெக்கின்லியும் போர் வெறியர் இல்லை. உள்நாட்டுப் போரில் ஆண்டீட்டம் சண்டைக்களத்தில் இருந்தவர், பிணக்குவியலைக் கண்ணால் பார்த்தவர், கடைசிவரை தள்ளிப்போட்டார். ஸ்பெயினும் ஏப்ரல் 9 அன்று சண்டை நிறுத்தத்துக்கு இறங்கிவந்தது. இரண்டு நாள் கழித்து அவர் விஷயத்தை நாடாளுமன்றத்தின் கையில் கொடுத்தார்.

ஆனால் அந்த இரக்கத்தை ஆண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து பாருங்கள். போர்த் தீர்மானத்திலேயே டெல்லர் திருத்தம் என்று ஒன்று சேர்த்தார்கள்: கியூபாவை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம், அமைதி வந்ததும் அதன் மக்களிடமே விட்டுவிடுவோம் என்று. டெல்லர் கொலராடோக்காரர். பீட்ரூட் சர்க்கரை விளையும் மாநிலம், கியூபா உள்ளே வந்தால் அவர்கள் சர்க்கரைக்குத்தான் அடி. இருந்தாலும் வாக்குறுதி வாக்குறுதிதான்.

ஜூன் 22 அன்று டைகிரி கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கத் தொடங்கியது, மொத்தம் 17,000 பேர். சுற்றுவட்டாரத்தில் ஸ்பெயின் படையை முடக்கி வைத்தவர்கள் கலிக்ஸ்தோ கார்சியாவின் கியூபப் படையினர். மூன்று வருடமாகக் காட்டில் கிடந்தவர்கள், உடுத்த நல்ல துணி இல்லை, பாதிக்குமேல் கறுப்பர்கள். ஜூலை 17 அன்று சந்தியாகோ சரணடைந்தபோது அவர்களை ஊருக்குள் விடவில்லை! பழிவாங்குவார்கள், கொள்ளையடிப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். பழைய ஸ்பெயின் அதிகாரிகளையே நிர்வாகத்தில் தொடரவிட்டார்கள். கார்சியா அமெரிக்கத் தளபதி ஷாஃப்டருக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் முன்னோர் விடுதலைக்குப் போராடியபோது எப்படிக் கந்தலோடு இருந்தார்களோ அப்படித்தான் நாங்களும் இருக்கிறோம், காட்டுமிராண்டிகள் அல்ல. எழுதிவிட்டுத் தன் ஆட்களோடு விலகிப் போய்விட்டார். எனக்கு இந்தப் போரில் எந்த இடத்தை நினைத்தாலும் மனம் இந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

அப்புறம் 1901ல் பிளாட் திருத்தம். கியூபாவில் எப்போது வேண்டுமானாலும் தலையிடும் உரிமை, கடற்படைத் தளத்துக்கு இடம், இதை எல்லாம் உங்கள் அரசியல் சட்டத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எழுதினால்தான் எங்கள் படை வெளியேறும் என்றார்கள். கியூபாவின் சபை 16க்கு 11 என்று ஏற்றுக்கொண்டது. 1934ல் அந்தத் திருத்தம் போனது, குவாண்டனாமோ தளம் மட்டும் போகவில்லை. வருடத்துக்கு 4,085 டாலர் வாடகைக் காசோலை, காஸ்ட்ரோ அரசு வந்த பிறகு 1959ல் ஒன்றே ஒன்றை மாற்றியதோடு சரி.

#8 புதுவரவு

ஐயா, ஒரு சின்ன சந்தேகம். சண்டை கியூபாவுக்காக. அப்படியென்றால் முதல் சண்டை ஏன் மணிலாவில் நடந்தது? அது உலகத்தின் அந்தப் பக்கம் அல்லவா?

#9 மகாத்திவாசி

நல்ல கேள்வி. ஆறு வருடம் மணிலாவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

ஸ்பெயினுக்கு அங்கே ஒரு கடற்படை இருந்தது, அதை விட்டுவைத்தால் ஆபத்து என்பது ராணுவக் காரணம். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 1896லேயே இதைத் திட்டமாக எழுதி வைத்திருந்தது. ஆனால் திட்டத்துக்குப் பின்னால் ஒரு மனநிலையும் இருந்தது. உள்நாட்டில் குடியேற வெற்றுநிலம் தீர்ந்துவிட்டது என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. எஃகு உற்பத்தியில் பிரிட்டனைத் தாண்டியாயிற்று. கடலை ஆள்பவனே பெரியவன் என்று மஹான் என்ற கடற்படை அதிகாரி எழுதியதைப் படித்து ஒரு தலைமுறையே வளர்ந்தது. சீனாவின் சந்தை வேண்டும், அங்கே போக வழியில் நிலக்கரி நிரப்ப இடம் வேண்டும். கடற்படைத் துணைச் செயலராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட், செயலர் அலுவலகத்தில் இல்லாத ஒரு பிற்பகலில், பிப்ரவரி 25 அன்று, ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கக் கப்பல்படைத் தலைவர் டூயிக்குத் தந்தி அடித்தார்: நிலக்கரியை நிரப்பி வை, போர் வந்தால் பிலிப்பைன்ஸில் தாக்கு. செயலர் மறுநாள் வந்து அதை ரத்து செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மே 1 விடியற்காலை மணிலா விரிகுடாவில் சில மணி நேரத்தில் ஸ்பெயின் கப்பல்கள் முடிந்தன. கப்பல்கள் இருந்தன, கரையில் இறங்க ஆள் இல்லை. அதனால் ஹாங்காங்கில் நாடு கடந்து இருந்த பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோவை டூயி அமெரிக்கக் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கினார். பிலிப்பைன்ஸ் புரட்சிப் படை மணிலாவைத் தரைப்பக்கம் சுற்றி வளைத்துவிட்டது. ஜூன் 12 அன்று காவித் ஊரில் தன் வீட்டிலிருந்தே அகினால்டோ விடுதலையை அறிவித்தார். ஆகஸ்ட் 13 அன்று என்ன நடந்தது தெரியுமா? ஸ்பெயினும் அமெரிக்காவும் பெல்ஜியத் தூதர் வழியாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒப்புக்குச் சண்டை போட்டார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களை நகருக்குள் விடாமல் அமெரிக்கர்களிடம் மட்டும் சரணடைவது என்று ஏற்பாடு. வைகைக்கரை அண்ணன் சொன்ன சந்தியாகோ கதைதான், ஒரு மாதத்துக்குள் இன்னொரு கடலில். அதற்கு முந்தின நாளே வாஷிங்டனில் போர் நிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது. தந்திக் கம்பியை மே மாதமே டூயி வெட்டிவிட்டதால் சேதி மணிலாவுக்கு வந்து சேரவில்லை.

டிசம்பர் 10 அன்று பாரிஸ் ஒப்பந்தம். 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸை வாங்கினார்கள். அகினால்டோவின் தூதர் அகோன்சில்யோ பாரிஸ்வரை போயும் பேச்சுக்குள் அவரைச் சேர்க்கவில்லை. 1899 பிப்ரவரி 4 இரவு சாந்தா மேசாவில் அமெரிக்கக் காவல் வீரன் சுட்ட குண்டில் அடுத்த போர் தொடங்கியது. பிப்ரவரி 6 அன்று செனட் 57க்கு 27 என்று ஒப்பந்தத்தை நிறைவேற்றியது, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே வாக்கு.

அந்தக் குண்டு சுட்ட இடத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரொம்ப காலம் சான் ஹுவான் பாலத்தில்தான் நடந்தது என்று அங்கே கல் வைத்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்து 2003ல் ஸொசியேகோ தெருவுக்கு மாற்றினார்கள். சாதாரணத் தெரு. மூலையில் கடை, தலைக்கு மேல் பின்னிப்பிணைந்த மின்கம்பிகள், டிரைசைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, நடுவில் அந்தச் சின்ன நினைவுப் பலகை. கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன், அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையால் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தப் போரில் அமெரிக்கர் 4,200 பேருக்கு மேல், பிலிப்பைன்ஸ் படையினர் ஏறக்குறைய 20,000 பேர், பொதுமக்கள் சண்டையிலும் பஞ்சத்திலும் காலராவிலுமாக 2 லட்சம் வரை. 1901 செப்டம்பரில் சாமார் தீவின் பாலாங்கிகாவில் 48 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டதும், பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் விடாதே என்று தளபதி ஜேக்கப் ஸ்மித் உத்தரவு போட்டார். ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, பணி ஓய்வோடு முடிந்தது. தென்றல் தம்பி, நீங்கள் வெய்லரைப் பற்றி எழுதினீர்களே. 1901 டிசம்பரில் பதங்காஸ் மாகாணத்தில் தளபதி பெல் அதையேதான் செய்தார். கிராமத்தைக் காலி செய், குறித்த எல்லைக்குள் வா, வெளியே இருக்கும் நெல் எல்லாம் பறிமுதல் அல்லது தீ. மூன்றே வருடம் முன்னால் இதைக் கேட்டு அழுத அதே நாடு.

கேள்விக்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் நம்மவர் சாயலில் சிலரைப் பார்க்கலாம். 1762ல் சென்னையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தபோது கூடப்போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள்.

#10 தென்றல்75

பதங்காஸ் எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மேலே எழுதிய இரக்கத்தை இன்னும் உண்மை என்றே நம்புகிறேன், அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது. இந்த ஆக்கிரமிப்பு வேண்டாம் என்று அங்கேயே ஒரு கூட்டம் எழுந்து நின்றது என்பதையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க் ட்வெய்ன், ஆண்ட்ரூ கார்னெகி, வில்லியம் ஜேம்ஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

#11 மரகதம்

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எல்லோரும் நோயை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நாலு மாதப் போரில் அமெரிக்கப் படையில் சண்டையில் செத்தவர்கள் 385 பேர். நோயில் செத்தவர்கள் 2,000க்கு மேல். அதில் பெரும்பாலோர் கியூபாவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சொந்த நாட்டிலேயே சிக்கமாகா போன்ற பயிற்சி முகாம்களில் டைஃபாய்டில் போனார்கள். ஏப்ரலில் 28,000 பேர் இருந்த ராணுவத்துக்கு இரண்டு லட்சம் பேரைத் தொண்டர்களாக அழைத்தார்கள். கூடாரம் அடிக்கத் தெரிந்தது, கழிப்பறை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியவில்லை. டாக்டர் வால்டர் ரீட் குழு பிறகு ஆராய்ந்தபோது ஒன்றை எழுதினார்கள். கழிப்பறைக் குழியில் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். அதில் உட்கார்ந்த ஈக்கள் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வந்து உணவின்மேல் நடந்தபோது அவற்றின் கால்கள் வெள்ளையாக இருந்தன. பயிற்சிக் காலத்தில் இதை எங்களுக்குச் சொன்ன மேடத்தின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாப்பாட்டை மூடி வை என்று வார்டில் நான் கத்தியது எல்லாம் அந்த ஈயின் காலை நினைத்துத்தான்.

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்று கியூப மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொன்னார். இருபது வருடம் யாரும் ஏற்கவில்லை. 1900ல் ரீட் குழு ஹவானாவில் சோதித்து அவர் சொன்னது சரி என்று காட்டியது. அந்தச் சோதனையில் ஜெஸ்ஸி லாஸியர் என்ற மருத்துவர் காய்ச்சல் வந்து இறந்தார். அமெரிக்க ராணுவத்துக்கு நிரந்தரச் செவிலியர் பிரிவு 1901ல் அமைந்ததும் இந்தப் போரில் ஒப்பந்தத்தில் போன பெண்கள் பட்ட பாட்டால்தான். கட்டுரையில் ஒரு பத்தியாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

#12 தூத்துக்குடி மாலுமி

மரகதம் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓரிகன் என்ற போர்க்கப்பல் மார்ச் 19 அன்று சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பி, தென் அமெரிக்காவின் அடிக்கோடி வரை இறங்கிச் சுற்றி மே 24 அன்று ஃபுளோரிடா வந்தது. 66 நாள். கொதிகலனுக்கு நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க, இன்ஜின் அறை ஆட்கள் தாங்கள் குடிக்கும் தண்ணீரை அளந்து குடித்தார்கள் என்று படித்தேன். எனக்கு அது புரிகிறது. நடுவில் கால்வாய் வெட்டியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா முடிவுக்கு வந்ததில் அந்த 66 நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. பனாமாவில் கொசுவை ஒழிக்காமல் அது நடந்திருக்காது. ஹவானாவைச் சுத்தம் செய்த டாக்டர் கோர்காஸைத்தான் அங்கேயும் அனுப்பினார்கள்.

#13 வைகைக்கரை

போர்ட்டோ ரிகோவை நாம் யாரும் தொடவில்லை. அவர்கள் 1897 நவம்பரில் ஸ்பெயினிடமிருந்து தன்னாட்சி வாங்கி, 1898 ஜூலை 17 அன்று தங்கள் நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். ஜூலை 25 அன்று குவானிகாவில் அமெரிக்கப் படை இறங்கியது. எட்டே நாள். 1917ல் அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். தீவில் வாழ்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் இன்றும் வாக்கு இல்லை. பசிபிக் தீவான குவாமில் ஜூன் 20 அன்று அமெரிக்கக் கப்பல் சுட்டபோது, போர் வந்ததே அங்கிருந்த ஸ்பெயின் அதிகாரிகளுக்குத் தெரியாது. மரியாதை வேட்டு என்று நினைத்து, பதில் வேட்டுக்கு மருந்து இல்லையே என்று படகில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

மகள் இதையெல்லாம் படித்துவிட்டு முதல் வரியை மாற்றி எழுதிவிட்டாள். 1895 பிப்ரவரி 24ல் தொடங்கி 1902 ஜூலை 4ல் முடிந்தது என்று. பிலிப்பைன்ஸ் போர் முடிந்ததாக ரூஸ்வெல்ட் அறிவித்த நாள் அது. சரிதானே?

#14 மகாத்திவாசி

தொடக்கம் சரி அண்ணா. முடிவு தேதி சரியில்லை. அது அவர்கள் அறிவித்த தேதி, தெற்கே முஸ்லிம் மோரோ மக்கள் இருந்த பகுதியை அந்த அறிவிப்பிலேயே விலக்கி வைத்திருந்தார்கள். 1906 மார்ச்சில் ஹோலோ தீவில் தாஹோ என்ற அணைந்த எரிமலையின் வாய்க்குள் குடும்பத்தோடு ஏறி ஒதுங்கியிருந்த மோரோக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. அப்போது அங்கே பொறுப்பில் இருந்தவர் லியோனார்ட் வுட். 1898ல் ரூஸ்வெல்ட்டோடு கியூபாவில் இறங்கிய குதிரைப்படைக்குக் கர்னலாக இருந்தவர், 1902 வரை கியூபாவையே ஆண்டவர். கடைசிப் பெரிய சண்டை அதே தீவில் பக்சாக் மலையில், 1913 ஜூன். அதை நடத்திய பெர்ஷிங்கும் சந்தியாகோ சண்டையில் இருந்தவர்தான்.

பாப்பாவிடம் 1913 என்று எழுதச் சொல்லுங்கள்.